சுண்டெலி ஒளித்த டப்பா

பூங்கா பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த எக்ஸ்ரே அக்கா, நாயோடு ஒருவர் நெருங்குவதைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். "ஆமாம்மா, சொல்லும்மா. மாத்திரை போட்டியா?" எதிர்முனையில் ஒருவரும் இல்லை. நாயும் நாய்க்காரரும் தாண்டிப் போனதும் கை மறுபடி பெஞ்சுக்கு அடியில் போனது.

நாங்கள் இருவரும் ஒரே ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறோம். நான் வெளியே டோக்கன் கொடுக்கிறேன். அக்கா உள்ளே படம் எடுக்கிறார். நாள் முழுக்க "மூச்ச அடக்குங்க, அசையாதீங்க" என்றே சொல்வதால், கேன்டீன் வரிசையில் யாராவது முண்டினாலும் அதே அதட்டல் வந்துவிடும். உட்காரும் இடத்திலெல்லாம் பக்கத்து இருக்கையில் தோள்பையை வைப்பார். யாராவது முறைத்தால் "ஆள் வருது" என்பார். வந்து நான் பார்த்ததில்லை.

பெஞ்சடியில் துழாவும் இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். போனில் ஒரு ஆப்பை இறக்கி, ஏதாவது ஒரு பெயர் கொடுத்துச் சேர்ந்தால் வரைபடத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் யாரோ ஒளித்துவைத்த ஒரு டப்பா. அம்புக்குறி காட்டும் வழியில் போய் அதை எடுத்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். போகிற வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது. முதல் நாள் நான் அம்புக்குறியையே நம்பிப் போய் வேலியில் சட்டையைக் கிழித்துக்கொண்டேன்.

"கடைசி பத்தடிக்கு போன நம்பாத. பையில போட்டுட்டு கண்ணால தேடு. நீ ஒளிக்கிறதா இருந்தா எங்க வைப்பேன்னு யோசி" என்றார் அக்கா.

அப்படி யோசிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் தேடுவதெல்லாம் ஒரே ஆள் ஒளித்த டப்பாக்களை. ஆப்பில் அந்த ஆளின் பெயர் சுண்டெலி. அக்காவின் தம்பி. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் கட்டிலடியில் போய் ஒளிந்தவனுக்கு அக்கா வைத்த பெயர் அது.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாமதமாக வந்து சேர்ந்த தம்பியை, "இப்ப வந்து என்ன கிழிக்கப் போற?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்று போனவன்தான். நம்பரை மாற்றி, வீட்டையும் மாற்றிவிட்டான். இதே ஊரில் எங்கோ இருக்கிறான், இந்த விளையாட்டே கதி என்று கிடக்கிறான் என்று சித்தி மகள் சொன்ன அன்றே அக்கா ஆப்பை இறக்கினார், வேறு பெயரில். "நான்னு தெரிஞ்சா டப்பாவையே தூக்கிட்டுப் போயிடுவான்."

டப்பா கிடைத்தால் உள்ளே அவன் எழுதிவைத்த வரவேற்பு வரியைத்தான் முதலில் பார்ப்பார். "'அ' இன்னும் அப்படியே குண்டாதான் போடுறான்." மூடும்போது மூடியை ஒருமுறை தடவிக்கொடுப்பார்.

அன்று பெஞ்சுக்கு அடியில் காந்தத்தில் ஒட்டியிருந்த டப்பாவை எடுத்துப் பார்த்து, அப்படியே ஒட்டவைத்தார். பிறகு ஆப்பில் 'டப்பா இல்லை' என்று பதிந்தார். என்னையும் அப்படியே பதியச் சொன்னார். ஒரு ரிப்போர்ட்டில்கூடப் பொய் எழுதாதவர்.

"என்னக்கா இது?"

"இல்லன்னு ரெண்டு பேர் சொன்னா, ஒளிச்சவன்தான் நேர்ல வந்து பாக்கணும். அதான் மொற."

மறுநாளே சுண்டெலியின் பதில் வந்தது: 'ஞாயிறு காலை வந்து பார்க்கிறேன்.'

ஞாயிறு காலை எதிர் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வழக்கம்போல் பை. நான் பின்னால் மரத்தடியில் நின்றேன்.

"என்னப் பாத்துட்டு திரும்பிப் போயிட்டான்னா?"

"மூச்ச இழுத்து விடுங்கக்கா" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேர் வந்து போனார்கள். இரண்டு முறையும் அக்கா பாதி எழுந்து உட்கார்ந்தார். பிறகு தொப்பி போட்ட ஒருவர் வந்தார். போனை எடுக்கவே இல்லை. எதையும் தேடாமல் நேராக நடந்து, குனிந்து, டப்பாவைக் கையில் எடுத்தார். இருக்கும் டப்பாவை இல்லை என்றது யார் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். பார்வை எதிர் பெஞ்சில் வந்து நின்றது.

அக்கா பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.