கன்னத்தில் வைத்துப் பார்த்து வாங்கியது

என் கணவர் என்னை முதன்முதலில் அடித்தது எங்கள் கல்யாணத்தின் முப்பத்தோராவது வருஷத்தில். விடிவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. இறுக மூடிய கை இடது கண்மேல் வந்து விழுந்தது. நான் அலறிக்கொண்டு எழுந்து விளக்கைப் போட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏளா, என்னாச்சு? யாரு அடிச்சா?" என்று கேட்டார்.

"நீங்கதான் அடிச்சிய."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தன் கல்லத் தூக்கிட்டு பஸ்ல ஏறுதான். நீ முன்சீட்டுல இருக்க. அவனத்தான் அடிச்சேன்."

அவர் டவுண் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நடுரோட்டில் மாடு படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஊர்த் தகராறில் அவர் ஓட்டிய வண்டியின் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். சில்லு கிழித்த தழும்பு இன்னும் புருவத்தில் இருக்கிறது. அன்றைக்குக்கூட அவர் யாரையும் திட்டியதாக ஞாபகம் இல்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கறுத்துப்போன கண்ணோடு பள்ளிக்கூடம் போனேன். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று சொன்னேன். தலைமையாசிரியை தலையை ஆட்டிக்கொண்டார். எத்தனையோ பெண்கள் அவரிடம் அலமாரிக் கதவைச் சொல்லியிருப்பார்கள் போலிருந்தது.

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. ஒரு வாரம் சும்மா இருக்கும். பிறகு உதை விழும். கட்டிலிலிருந்து கீழே போய் விழுவேன். ஒரு நாள் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். இன்னொரு நாள் இரண்டு கையும் என் கழுத்தில் இருந்தன. நான் அவர் முகத்தில் நகத்தால் கீறிய பிறகுதான் விட்டார். விழித்ததும் என் காலடியில் உட்கார்ந்து அழுவார். வலது கையைத் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டிக்கொண்டு படுத்துப் பார்த்தார். துண்டு கிழிந்தது.

நான் கூடத்துக்கு மாறிப் படுத்தேன். மூன்றாம் நாள் அவர் சுவரைக் குத்தி, விரல் முட்டிகளெல்லாம் தோல் உரிந்து வந்து நின்றார். ஐந்தாம் நாள் கட்டிலிலிருந்து பாய்ந்து மேசை விளிம்பில் தலையை மோதிக்கொண்டார். தலையணை உறை முழுக்க ரத்தம். மறுபடி அவர் பக்கத்திலேயே போய்ப் படுத்தேன். டாக்டரிடம் போவோம் என்று சொன்னால், "பைத்தியம்னு எழுதிருவாங்க ஏளா, வேண்டாம்" என்பார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் என் உதடு கிழிந்து, கீழ்ப்பல் ஒன்று ஆடிப்போனது. அதைத் தேவாலயத்தில் யாரோ பார்த்து என் தம்பிக்குப் போன் செய்துவிட்டார்கள். தம்பிக்குத் திசையன்விளையில் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை. அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவனுடைய பைக் வாசலில் வந்து நின்றது.

என் முகத்தை ஒருமுறை பார்த்தான். "எக்கா, நீ உள்ள போ" என்றான். அப்புறம் சத்தமாக, "வெளிய வாலே!"

முப்பது வருஷமாக அத்தான் என்று கூப்பிட்ட வாய் அது. இவர் வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். "வாங்க மாப்ள" என்றார். அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை ஓங்கித் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் வாசல்படியில் நின்ற எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தான். இவர் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை.

"தூக்கத்துலதாம்லே அடிக்காக! அவுகளுக்கே தெரியாது!" என்று கத்தினேன்.

"பொண்டாட்டிய அடிக்க எல்லாவனும் இப்படி ஒண்ணு சொல்லுதான்க்கா. இவன் தூக்கத்தச் சொல்லுதான்."

"அடிங்க மாப்ள" என்றார் இவர் தரையிலிருந்து. "நான் அடிச்சது நெசந்தான்."

தெருவே நின்று பார்த்தது. யாரும் விலக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா, "இப்பமாவது கேக்க ஒரு ஆளு வந்துச்சே" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

காறை எலும்பு முறிந்து, கையைத் தூக்கிக் கழுத்தோடு கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னோம். தம்பி போன் எடுக்கவில்லை.

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை கையில் ஒரு கடிகாரம் கட்டியிருப்பாள். எத்தனை மணிக்குத் தூங்கினாள், நடுவில் எப்போது விழித்தாள் என்பதையெல்லாம் காலையில் போனில் காட்டுவாள். அதுவரை அது எனக்கு ஒரு வேடிக்கை. அந்த வாரம்தான் உறைத்தது: அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது. மனுஷர்கள் சொன்னால் நம்பாதவர்கள் மெஷின் சொன்னால் நம்புவார்கள்.

வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைக்கு நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தூக்கத்தைப் பார்க்கிறதுதான் முக்கியம் என்று சொன்னதும் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். முதலாவது பெரிய கடிகாரம், சுற்றிலும் எஃகு. "இதுல எல்லாமே இருக்கும்மா. போன் பேசலாம், நெஞ்சுத் துடிப்பு பாக்கலாம்" என்றாள்.

நான் அதைக் கையில் எடுத்து என் கன்ன எலும்பில் தட்டிப் பார்த்தேன். வலித்தது. கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஒரு மோதிரம். "தூக்கத்துக்கு இதுதாம்மா துல்லியம். போட்டிருக்கதே தெரியாது." கட்டுப் போடாத கையின் விரலில் அவரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டுக்கொண்டார். கையை மூடச் சொன்னேன். மூடிய கையில் அந்த உலோகம் முட்டியோடு முட்டியாகத் துருத்திக்கொண்டு நின்றது. இது விழுந்தால் கண்ணே போய்விடும். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லும் முன்பே அவசரமாகக் கழற்றப் போனார். கணுவில் மாட்டிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்து எடுத்து, "வேண்டாம்" என்றார்.

மூன்றாவது, ரப்பர் பட்டையில் சின்ன பிளாஸ்டிக் முகம். அதைக் கன்னத்தில் வைத்து அழுத்தினேன், தட்டினேன், உதட்டோரத்திலும் வைத்துப் பார்த்தேன்.

"என்னம்மா செய்யுதிய?" என்றாள் அந்தப் பெண்.

"பட்டா வலிக்குமான்னு பாக்கேன்."

அவள் என் உதட்டைப் பார்த்தாள். பிறகு இவருடைய கைக்கட்டைப் பார்த்தாள். ரசீது போடும்போது குனிந்து, "அம்மா, ஒங்களுக்கு ஏதாவது ஒதவி வேணுமா? தயங்காமச் சொல்லுங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவருக்கும் கேட்டுவிட்டது. கடைப் படியில் இறங்கும்போது என் பின்னால் பத்தடி தள்ளி நடந்து வந்தார்.

மூன்று நாள் எதுவும் நடக்கவில்லை. நான்காம் நாள் விடியற்காலை என் பின்னலைப் பிடித்து முகத்தைக் கட்டில் தலைமாட்டில் இரண்டு முறை மோதினார். கன்னம் புடைத்துக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் நேரம் பார்த்துவைத்துக்கொண்டேன். விடிந்ததும் போனைத் திறந்தேன். நீல நிறப் பட்டை தூக்கம், ஆரஞ்சு நிறப் பட்டை விழிப்பு. அவர் என்னை மோதிய அந்த நிமிஷங்களில் பட்டை ஆரஞ்சு நிறமாக இருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் நீலம். அடித்த நேரம் மட்டும் விழிப்பு.

தம்பிக்கு முந்தைய நாளே, அத்தாட்சிக்கு ஒரு மெஷின் வாங்கியிருக்கிறேன், வந்து பார் என்று செய்தி அனுப்பியிருந்தேன். வரவேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டான். மேசைமேல் கிடந்த போனை அவனே எடுத்துப் பார்த்தான். எப்போது அடித்தார் என்று கேட்டான். சொன்னேன்.

"எக்கா, இங்கன பாரு. முழிச்சிருந்தான்னு அதுவே சொல்லுது."

போனை அவன் கையிலிருந்து வாங்கி மறுபடியும் பார்த்தேன்.

இவர் சமையலறை வாசலில் நின்றார். "ஏளா, நீயும் அப்படித்தான் நினைக்கியா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் அவருக்குச் செய்த மிகப் பெரிய கெடுதல் அந்த அரை நிமிஷ மௌனம்தான். அவர் முகம் அப்படியே தொய்ந்துபோனது.

அதற்குள் தம்பி பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்துவிட்டான். கைக்கட்டைப் பற்றி இழுத்தான். முறிந்த எலும்பின் வேதனையில் இவர் போட்ட சத்தம் ஆள் போடும் சத்தம் மாதிரியே இல்லை. நான் மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். தண்ணீரோடு ஓங்கித் தம்பியின் நெற்றியில் அடித்தேன். அவன் விடவில்லை. இன்னொரு முறை அடித்தேன். புருவத்துக்கு மேலே பிளந்து, ரத்தம் அவன் கண்ணை மூடியது. அப்போதுதான் கையை எடுத்தான். மூன்றாவது முறையும் செம்பை ஓங்கியிருந்தேன். அவனாக நகர்ந்திருக்காவிட்டால் அதையும் இறக்கியிருப்பேன்.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். தம்பிக்குத் தையல் போட்டுக்கொண்டே, "இது யார் அடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"அவருக்குத் தோள்ல?"

"நான்தான்" என்றான் தம்பி.

"உங்க கன்னத்துல?"

"நான்தாம்மா" என்றார் இவர்.

டாக்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாவற்றையும் ஒருவரிடம் சொன்னேன். கல்லோடு ஏறும் ஆள், கிழிந்த துண்டு, சுவர், ஆரஞ்சுப் பட்டை, ஒன்றையும் விடவில்லை. அவர் இவரிடம் கேட்ட கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது: "உங்களுக்கு வாசனை தெரியுதா?"

"தெரியல. காப்பி மணமே தெரிஞ்சு நாலு வருஷமாச்சு." என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கனவு காணும்போது உடம்பு அசையாமல் இருக்க மூளை ஒரு பூட்டுப் போடுகிறது. சிலருக்கு அந்தப் பூட்டு கழன்றுவிடும். கனவில் செய்வதைக் கையும் காலும் அப்படியே செய்யும். இந்த நோய் உள்ளவர்கள் பலருக்கு வாசனை தெரியாமல் போவதும் உண்டாம். "கையில கட்டியிருக்கிறது அசைவையும் துடிப்பையும் வச்சு ஊகிக்குது. கை வேகமா அசைஞ்சா விழிச்சிட்டார்னு நினைச்சுக்கும். அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா இதுக்கு அது சாட்சி இல்ல." நரம்பு டாக்டரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தலையில் ஒயர் ஒட்டி, கேமரா வைத்துத் தூங்கவைத்துப் பார்ப்பார்களாம்.

அந்தப் பரிசோதனைக்கு ஆண் துணை ஒருவர் வேண்டும் என்றார்கள். தம்பி வருகிறேன் என்று அவனாகச் சொன்னான். நம்பி வந்தானா, கையும் களவுமாகப் பிடிக்க வந்தானா என்று எனக்குத் தெரியாது.

காலையில் நான் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தையலுக்குக் கீழே முகம் வெளிறியிருந்தது.

"ஸ்கிரீன்ல காட்டுனாங்கக்கா. கண்ணு மூடியே கிடக்கு. வாயத் தொறந்து கத்துதாரு, அந்தரத்துல குத்துதாரு. நல்ல தூக்கம்னு கோடு ஓடுது. நான் ஓடிப்போயிப் பிடிச்சேன். என்னையும் மிதிச்சிட்டாரு." வயிற்றைத் தடவிக்கொண்டான். "அங்க இருந்தவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதும் முழிச்சிட்டு, 'மாப்ள, ஒமக்கு அடி பட்டுச்சா'ங்காரு." மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. இவர் கேட்கவும் இல்லை.

மாத்திரையில் நிறையக் குறைந்திருக்கிறது. இரண்டு கட்டில் போட்டிருக்கிறோம், நடுவில் மெத்தை. கூர்முனை உள்ள எதுவும் அந்த அறையில் கிடையாது. வருங்காலத்தில் கை நடுக்கம் வரலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள் என்று நரம்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். அது வேறொரு பயம். தெருவுக்கு நாங்கள் எந்த விளக்கமும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மா இப்போதும் இவருக்கு முகம் கொடுப்பதில்லை.

ஆனால் என் உடம்பு மட்டும் டாக்டர் சொன்னதை இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டப்பகலில், பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் ஃபேன் சுவிட்சைப் போடக் கையைத் தூக்கினால் என் தலை தானாகத் தாழ்ந்து தோளுக்குள் போகிறது. ஒரு நாள் அதைக் கவனித்துவிட்டார். தூக்கிய கை பாதியில் நின்றது. அன்றிலிருந்து சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார்.

"ஏளா, ஃபேன் போடுதேன்" என்பார்.

"சரி, போடுங்க" என்பேன். அதன் பிறகுதான் கை மேலே போகும்.