ஊமையன் இருந்த எண்

கேட்பார் எவருமில்லாத இடத்தில் தன் பிழையைத் தன் வாயாலேயே உரைப்பது அரிய அறம். அவ்வறம் வாய்க்கப்பெற்றவர், வீடு வீடாகச் சென்று இன்டர்நெட் இணைப்புகளைச் சீர்செய்யும் ஒருவர். தெருவார்க்கு அவர் ‘வயர்க்காரர்’.

அன்று காலை ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் பிரின்டர் கண்ணாமூச்சி ஆடியது. லேப்டாப்பின் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

“உங்களைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாகிடும் பாருங்க, தம்பி. எனக்குத்தான் டிமிக்கி கொடுக்குது.”

“உங்க கிளாஸ்ல படிச்சதோ என்னவோ டீச்சர், பயந்து ஒளியுது.”

டீச்சர் சிரித்தார். கணவர் மறைந்த ஏழு மாதங்களில் அரிதாகிவிட்ட சிரிப்பு.

வயர்க்காரர் இணைப்பைப் பகிரும் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தார். அதில் வீட்டுக் கருவி ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு; ஒரே எண்ணை இரண்டு பிடித்தால் ஒன்று பட்டியலில் காணாமற்போகும். பிரின்டருக்குரிய இருபத்தொன்றாம் எண்ணை டீச்சரின் புதுப் போன் பிடித்திருந்தது. ஈராண்டுக்கு முன் அவ்வெண்ணைப் பிரின்டரில் தன் கையால் பதித்தவர் வயர்க்காரரே. வேறெதற்கும் அதைக் கொடாதே என்று ரௌட்டரில் குறித்துவைக்க மறந்திருந்தார். இப்போது குறித்தார். போனுக்கு வேறெண் போயிற்று. பிரின்டர் பட்டியலில் வந்து நின்றது.

அப்போதுதான் இருபதாம் எண் கண்ணில் பட்டது. அதில் டிவி அமர்ந்திருந்தது. டீச்சரின் கணவர் பாட்டும் படமும் சேமித்த பெட்டிக்கு, வயர்க்காரர் அன்றே பதித்த எண் அது. மூலையில் சத்தமின்றிக் கிடந்ததால் கணவர் அதற்கு ‘ஊமையன்’ என்று பேரிட்டிருந்தார்.

“ஊமையன் எங்கே, டீச்சர்?”

“டிவி வந்த வாரமே செத்துப்போச்சு. லிஸ்ட்ல வரவே இல்ல. மாப்பிள்ளை தேடிப் பார்த்துட்டுப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டார். எங்க வீட்டுக்காரர் பேத்திக்காகப் படுக்கையிலேருந்தே கதை சொல்லி அதுல பதிஞ்சு வச்சிருந்தார். அவரோட குரல் அதுல மட்டுந்தான் இருந்துச்சு.”

வயர்க்காரர் பையை மூடி எழுந்தார். செருப்பில் கால் நுழைத்தவர், திரும்பி வந்து அமர்ந்தார்.

“அது சாகல, டீச்சர். நான் குறிச்சு வைக்காததால அதோட எண்ணை டிவி எடுத்துக்கிச்சு. பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கும். தப்பு என்னுது.”

பழைய சாமான்காரருக்குப் போன் போட்டார்கள். பெட்டியை உடைத்து உருக்கக் கொடுத்து மாதங்களாகிவிட்டன.

டீச்சர் வெறும் மூலையையே பார்த்திருந்தார்.

“அப்போ அவர் குரல் இங்கேயே இருந்திருக்கு. நான்தான் வாசல் தாண்டி அனுப்பிட்டேன்.”

வயர்க்காரரை நோக்கித் திரும்பினார்.

“சொல்லாமலே போயிருக்கலாமே, தம்பி?”

“கால் போகல, டீச்சர்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார் டீச்சர்.

“உங்க வீட்டுல எல்லார் குரலும் நிறைஞ்சு இருக்கட்டும்.”

அழுதுகொண்டே சொன்ன அவ்வாழ்த்து பலிப்பதாக. வயர்க்காரர் மனையில் துணைவியும் மக்களும் பேசும் பேச்சொலி என்றும் ஓயாதிருக்க!