வண்டிக்கு முன்னால் நடந்தவர்

"அக்கா, வண்டி ஓடிக்கிட்டே நிக்குது. அண்ணன் எந்திரிக்க மாட்டேங்குறாக." பரளச்சிப் பக்கம் கருவேலங்காட்டில் கரி ஏற்றப் போயிருந்த பெண்கள் போனில் சொன்னது இவ்வளவுதான். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. பழகின சத்தம். அது கேட்கிறவரை ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்பிக்கொண்டே போனேன். செல்லையா அண்ணனை வண்டி நிழலில் துண்டு விரித்துக் கிடத்தியிருந்தார்கள். உயிர் போயிருந்தது.

நான் கரி வியாபாரம் செய்கிறவள். விறகை அடுக்கி மண் மூடி எரித்த மூட்டத்தைப் பிரித்தெடுத்த கரியை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவர, என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்தே அண்ணனின் லாரியைத்தான் கூப்பிடுவோம். அவரை அறிந்தவர்களுக்கு அந்த வண்டியையும் தெரியும். தார் ரோட்டில் மட்டும் ஓடியிருந்தால் இன்னும் நன்றாக உழைத்திருக்கும். காடுதான் அதைத் தின்றது. வெடித்த கரிசலில் சக்கரம் இறங்கி இறங்கி, அடியில் பாரம் தாங்கும் கமான் பட்டை ஒடியும். அடிச்சட்டமான சேஸில் விரிசல் விடும். பற்றவைத்தால் பக்கத்திலேயே மறுபடி விடும். "பழைய வண்டிக்கு வயசு ஓடுன தூரத்துல இல்ல தாயி, விழுந்த பள்ளத்துல இருக்கு" என்பார்.

அதனால் அவருக்கு ஒரு பழக்கம். காட்டு விளிம்பில் வண்டியை நிறுத்துவார். மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று எஞ்சினை அணைக்கமாட்டார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, போகவேண்டிய தடத்தில் வெறுங்காலோடு ஒருமுறை நடந்து வருவார். புழுதி மூடிய வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். முள் குத்தினால் உட்கார்ந்து பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி நடப்பார். "பொண்ணு பாக்கப் போறீகளாண்ணே, இம்புட்டு மெதுவா நடக்கீக?" என்று லோடு ஏற்றும் பெண்கள் கேலி செய்வார்கள். சிரிப்பாரே தவிர நடையைக் கூட்டமாட்டார்.

எனக்கு அந்த மனுசர்மேல் ஆறாத கோபம் இருக்கிறது. வண்டியில் ஒரு நட்டு முனகினாலும் காது கொடுத்தவர், தன் நெஞ்சை மட்டும் கவனிக்கவில்லை. போன மாதம் திருச்சுழி ரோட்டில் டீ குடிக்கும்போது இடது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஸ்டீரிங்கு உலுக்குன உலுக்குதான் தாயி. எண்ணெய் தேச்சா போயிரும்."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று சத்தம் போட்டேன். கமான் பட்டையை மாற்றிவிட்டு வருகிறேன் என்றார். பட்டையை மாற்றினார். காட்டில் ஓட்டுகிற எல்லாருக்கும் தோள் வலிக்கும். பாவி, அந்த வலியும் நெஞ்சுவலியும் ஒரே இடத்திலா வந்து தொலைய வேண்டும்!

அன்றைக்கும் தடம் பார்க்கத்தான் இறங்கியிருக்கிறார். பாதியில் உட்கார்ந்திருக்கிறார். முள் எடுக்கிறார் என்று நினைத்துப் பெண்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் அழுகிறார்கள்.

நேற்று வேறொரு பழைய லாரி வந்தது. டிரைவர் நேரே காட்டுக்குள் விடப் பார்த்தார். நிறுத்தச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு நானே முன்னால் நடந்தேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நடைதான். பாதியில் முள் ஏறியது. பிடுங்குவதற்காக உட்கார்ந்தேன்.

பின்னால் பேச்சு நின்றது. அத்தனை பெண்களும் கூடையைப் போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தார்கள்.