மல்லிகா அக்கா சொன்ன வருமானம்

பொம்மைத் தட்டைத் தூக்கிக்கொண்டு சூளைவரை நடக்க இருபது அடிதான். அதற்குள் மூச்சு வாங்கி இரண்டு முறை நிற்க ஆரம்பித்தேன். வயசாகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு நாற்பத்தொன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, மைட்ரல் வால்வு (இதயத்துக்குள் ரத்தம் போகும் ஒரு கதவு) சுருங்கியிருக்கிறது, தொடை வழியாகக் குழாய் விட்டு பலூனால் விரிக்கலாம் என்றார்.

"அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கா?"

"இல்லைங்க."

"வருமானச் சான்று வாங்கிப் போடுங்க. கிடைக்கலைன்னாலும் இங்கயே வாங்க, வேற வழி பார்க்கலாம். வூட்டுலயே இருந்துடாதீங்க."

நான் வேலை பார்க்கும் பீங்கான் பொம்மைப் பட்டறை சின்னது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிடையாது. கணவர் இறந்த பிறகு நானும் மகள் செல்வியும்தான். சான்றுக்கு விண்ணப்பித்தேன். வருமானம் வரம்புக்கு மேல் என்று தள்ளுபடி! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"பக்கத்து வூட்டுல விசாரிச்சேன். சொந்த வூடு, நகை எல்லாம் இருக்குதுன்னாங்களே" என்றார் கிராம உதவியாளர்.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "பைக்குல வந்து வசதி எப்படின்னு கேட்டாருடி. செல்விக்கு மாப்பிள்ளை வூடுன்னு நெனைச்சி நல்லதா நாலு வார்த்தை சொன்னேன்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அம்மா நோயாளி என்றால் மகளுக்கு வரன் வராது என்று பயந்து, தெருவில் யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தவள் நான். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அழுதாள், திட்டினாள், அப்படியே கையைப் பிடித்து ஆபீசுக்கு இழுத்துப் போனாள்.

"வாடகை வூடுங்க. இவ காதுல கெடக்குறது கவரிங்" என்று எல்லோர் முன்னும் சத்தமாகச் சொன்னாள். வெட்கமாக இருந்தது. நன்றியாகவும் இருந்தது.

மறுபடி விண்ணப்பித்தேன். சான்று வந்தது, அட்டை வந்தது, பலூன் சிகிச்சையும் முடிந்தது. மாத்திரை தொடர்கிறது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நோய் வருமுன்பே அட்டை போடுங்கள். வந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காவது சொல்லிவிடுங்கள்.

போன வாரம் நிஜமாகவே மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்கள். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "நீங்க எந்த ஆபீஸு?" என்று அக்கா அவர்களைக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "பொண்ணு தங்கம். அம்மாவுக்குத்தான் இதயத்துல..." என்று தொடங்கினாள்.

ஐயோ என்று, அவள் வாயை அடைக்க ஓடினேன். வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நடுவில் நிற்காமல் நான் ஓடியிருக்கிறேன்.