ஆம்பூரில் முதல் நாள்: கறுத்துப் போன வெள்ளி மோதிரம்

மலேசியாவில் மருத்துவம் படிக்கும் எங்களுக்குக் கடைசி ஆண்டில் ஒரு மாதம் வெளிநாட்டு மருத்துவமனையில் பயிற்சி உண்டு. தோழிகள் லண்டன், மெல்பர்ன் என்று பறக்க, நான் ஆம்பூருக்கு விண்ணப்பித்தேன். தமிழ் பேசலாம், செலவு குறைவு, பிரியாணி உண்டு. காரணம் அவ்வளவுதான். "அங்க போயி மெலிஞ்சிடாதம்மா" என்று கிள்ளானில் அம்மா கண்கலங்கினார். ஆம்பூரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. போன பிப்ரவரியில் போய் வந்தேன். அடுத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்னை சென்ட்ரலில் அதிகாலை ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஆம்பூர். உட்காரும் வகுப்பு போதும். ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனைக்கு நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு, நூற்றிருபதுக்கு வந்தார். வழியெல்லாம் தோல் பதனிடும் ஆலைகளின் வாடை. துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"இன்னா மேடம், வெளியூரா? எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு" என்று சிரித்தார்.

மருத்துவமனை சின்னது. அவசரப் பிரிவில் இருந்த டூட்டி டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. வார்த்தையை அளந்துதான் செலவழிப்பார். வருகிறவர்களிடம் முதலில் நான் பேச வேண்டும், பிறகு அவரிடம் சொல்ல வேண்டும். காலை முழுவதும் காய்ச்சலும் வெட்டுக்காயமுமாகப் போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கலைய, அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் முருகேசன் உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். தோல் பதனிடும் ஒரு சின்ன டேனரியில் வேலை. கண்கள் அழுது முடித்தவர் போலச் சிவந்திருந்தன, முகம் மட்டும் சிரித்தது. சட்டையில் அழுகிய முட்டை நாற்றம்.

"தலை நோவுது டாக்டரம்மா. ஒரு மாத்திரை குடுங்க, போய்ட்றேன்."

நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். விரலில் இருந்த மோதிரம் கரியாய்க் கறுத்திருந்தது.

"வெள்ளிதாங்க. காலையில கூட பளபளன்னு இருந்துச்சு. எவன் கண்ணு பட்டுச்சோ" என்றார். அதற்கும் சிரிப்புதான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தக் கறுப்பைப் பற்றி எப்போதோ வகுப்பில் கேட்டிருக்கிறேன், சட்டென்று பிடிபடவில்லை. அவர் சட்டை நாற்றத்துக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ தன் சட்டையைப் பற்றிக் கவலையே படவில்லை. ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே நீட்டி, என்ன வாசனை என்று கேட்டேன். ஆழமாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"ஒண்ணும் வரலியே."

மலேசியாவில் நோயாளி தனியாக வந்து தனியாகப் போவார். இங்கே மருந்து வாங்க, டீ வாங்க, பயப்பட, ஓர் ஆள் உடன் வந்தாக வேண்டும். அதனால் எல்லோரிடமும் கேட்பதை இவரிடமும் கேட்டேன். "கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரல. மச்சான் சேகர் வரேன்னான். நான்தான் வேணாம்னேன். கழிவுத்தண்ணி தொட்டிய கழுவணும். காலையில நான் கொஞ்சம் எறங்கினேன், ரெண்டு பேருக்கும் நாத்தம் தாங்கல. அப்புறம் பாத்தா நாத்தம் சுத்தமா போய்டுச்சு. இனிமே பயமில்ல, நீ எறங்குடான்னு சொல்ட்டு வந்தேன்."

வகுப்பில் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. அந்தத் தொட்டிகளில் ஊறும் வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைச் சாகடிக்கும், பிறகு ஆளை. வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதுதான். நாற்றம் எங்கேயும் போகவில்லை. இவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவே.

நான் கத்திய கத்தலில் டாக்டர் ஓடி வந்தார். தொட்டியையும் சேகரையும் பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். முருகேசனுக்கு ஆக்சிஜன் மாட்டிக்கொண்டே, "அவனுக்கு ஃபோன் போடு" என்றார். முருகேசனின் ஃபோனிலிருந்தே அழைத்தேன். முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. முருகேசனின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. இரண்டாம் முறை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னா மாமா? ஏணி வெச்சிட்டேன், எறங்கப் போறேன்."

"எறங்காதப்பா! உள்ள விஷக்காத்து இருக்கு" என்றார் டாக்டர்.

"நாத்தமே இல்லீங்க மேடம். கீழ நம்ம ஷெட்டுப் பூனையே படுத்துத் தூங்குது."

டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "மேல நின்னே கூப்பிட்டுப் பாரு."

"மியாவ்... ச்சூ... ச்சூ... மியாவ்..." அந்தக் குரல் தொட்டிக்குள் போய்த் திரும்பி வந்தது. ஒரு கல் விழும் சத்தம். பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. இறங்கிவிட்டானோ என்று ஃபோனைக் காதருகே கொண்டுபோனேன்.

"மாமா." குரலே மாறியிருந்தது. "எழுந்திருக்கல மாமா. எங்க இருந்தாலும் நான் கூப்ட்டா ஓடி வந்துடும்."

தீயணைப்புத் துறைக்குச் சொன்னோம். அந்தக் காற்றைச் சுவாசித்த சேகரையும் உடனே வரச் சொன்னோம். சேகர் யாரோ ஒருவருடைய பைக்கில் வந்து சேர்ந்தான். இருபத்தைந்து வயதுகூட இராது. இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தோம். "எறங்குடான்னு நான்தானே சொன்னேன்" என்று முகமூடிக்குள் முருகேசன் விசும்பிக்கொண்டே இருந்தார். சேகர் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

போகிறவர்களுக்கு: வெள்ளைக் கோட்டு இரண்டு, பருத்தி உடைகள், நல்ல செருப்பு போதும். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பிப்ரவரி தாண்டினால் வெயில் வாட்டும். இன்னொன்று. வேலை செய்த இடத்திலிருந்து ஒருவர் தனியாக வந்தால், அங்கே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வரை அவரை மாத்திரையோடு அனுப்பிவிடாதீர்கள்.