வலது பக்கம் முதலில்

எங்கள் பழைய பிக்கப் வண்டியில் நான் என்றைக்கும் இடது பக்கத்து ஆள். ஓட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. முட்டை அட்டைகளை இறக்கி வைப்பதும், வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுவதும் என் வேலை. எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணைகளில் ஏற்றி, மல்லசமுத்திரம் வரைக்கும் கடை கடையாகப் போடுவோம். போன வருஷம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது டிவியில் வருவதுதான்.

வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு வீம்பு. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்று லைசென்ஸ் வாங்கினேன். வண்டியைப் புதுசாக்கி, பின்னால் முட்டை அட்டைக்குத் தோதாக மர அடுக்கு கட்டி, நானே ஓட்டுவது, முடியாவிட்டால் விற்றுவிடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. அவர் நல்ல உயரம்.

நாமக்கல் பட்டறையில் மெக்கானிக் கிரீஸ் அப்பிய விரல்களை மடக்கி வேலை வரிசையைச் சொன்னார். "மொதல்ல இன்ஜின், பிரேக்குங்க. அப்பறம் டிங்கரிங், வயரிங், பட்டி பூசறது, பெயிண்ட். கடைசியா சீட்டுங்க அக்கா."

"சீட்டு மொதல்ல," என்றேன்.

சிரித்தார். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர் இது. பாடி கட்டாத புது சேஸிஸையே வெறும் பலகையில் உட்கார்ந்து வெயிலில் ஓட்டி வருவார்கள். மெத்தை என்பது எல்லாம் முடிந்த பிறகு வருகிற சொகுசு.

"பட்டி தேய்க்கிற தூசில மெத்தை நாசமாப் போயிருமுங்க. ட்ரையல் நாங்க ஓட்டிப் பாத்துக்கறோம். உங்களுக்கு என்னங்க அவசரம்?"

"ட்ரையலும் நாந்தான் தம்பி ஓட்டோணும். எல்லாம் முடிஞ்ச பொறவு கால் எட்டலைன்னா, பெயிண்டைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதா?"

கடைசியில் சீட்டின் இரும்புச் சட்டம் முதலில், மெத்தை கடைசியில் என்று ஒப்புக்கொண்டார். அதுவரை வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். அடுத்து சீட்டை ஒரு பார்வை பார்த்தவர் தலையைச் சொறிந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீளச் சீட்டு அது.

"முன்னால இழுத்தா முழுசும் வந்துருமுங்க. அந்தப் பக்கம் உக்கார்றவங்களுக்கு முட்டி இடிக்கும். அறுத்து ரெண்டாக்கிறலாங்களா?"

வரிசையெல்லாம் போட்ட நான் இதை நினைக்கவே இல்லை. அந்தச் சீட்டில்தான் சண்டை போட்டோம், பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டோம், திரும்பி வரும்போது அவர் தோளில் சாய்ந்து தூங்கினேன். எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்தேன். குடிக்கும்போது டீ ஆறிப்போயிருந்தது. திரும்பி வந்து, "அறுங்க," என்றேன்.

ஸ்டீயரிங் பக்கத்துப் பாதியைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். கால் எட்டியது. இடது பாதி பழைய இடத்திலேயே நின்றது. இனி அங்கே யார் உட்கார்ந்தாலும் எனக்கு ஒரு சாண் பின்னால்தான் இருப்பார்கள்.

அதற்கப்புறம் வேலை வரிசைப்படி நடந்தது. ஒவ்வொரு ட்ரையலுக்கும் மெக்கானிக் முந்திக்கொண்டு இடது பக்கம் ஏறிக்கொள்வார். எனக்கு வலது பக்கம்தான் மிச்சம். தலையணையில் உட்கார்ந்து ஓமலூர்வரைகூட ஓட்டினேன். பேச ஆள் இருந்ததால் தூரம் தெரியவில்லை. பட்டறைக்குப் போகிற நாளில் காலையிலேயே தலை வாரிக்கொண்டதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மெத்தை தைக்க வந்தவர் இடது பக்கம் குழி விழுந்திருக்கிறது, மாற்றிவிடலாமா என்று கேட்டார். அது நான் உட்கார்ந்து விழுந்த குழி. இருக்கட்டும் என்றேன்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்தது. மெக்கானிக் வாசலில் நின்று கையசைத்தார்.

மறுநாள் விடிந்ததும் முதல் லோடுக்குக் கிளம்பினேன். வீட்டைப் பூட்டினேன், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டேன், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பவில்லை. இந்த மனுஷன் என்றைக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கிறார் என்று எரிச்சலாக வந்தது.

"ஏனுங்க, நேரமாகுதுங்க," என்று சொல்லியும் விட்டேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் ஸ்டீயரிங் இல்லை. இடது பக்கம், அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தேன். சாவி என் கையில் இருந்தது.

பிறகு இறங்கி, சுற்றிப் போய், வலது பக்கம் ஏறினேன்.