ஓடுகாலி என்றார் அத்தை

இன்று காலை தஞ்சோங் துவான் காட்டுப் பாதையில், கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கடலோரமாக ஓடிக்கொண்டிருந்தேன். கோலா சாவா தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் சுற்றுலா வந்திருந்தார்கள்.

எதிரே என் பெரிய அத்தை. பின்னால் அவருடைய புது மருமகள், சோற்றுத் தூக்குடன்.

"என்னடி, யாரு தொரத்துறா?"

"யாரும் இல்ல அத்தை. சும்மா ஓடுறேன்."

"நாப்பத்தி மூணு வயசுல, கால்சட்டைய மாட்டிக்கிட்டு, தனியா காட்டுக்குள்ள! ஓடுகாலின்னு பேசுவாங்க லா. இரு, ஒங்கம்மாகிட்ட சொல்லி நிறுத்துறேன்."

இதே சொல்லுக்குப் பயந்துதான் கல்லூரியில் ஓட்டப்பந்தய அணியை விட்டு விலகினேன். அதன்பின் இருபது வருடம் ஓடவே இல்லை. இன்று பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"தாராளமா சொல்லுங்க அத்தை. எங்கம்மாகிட்ட, அவங்க மக ஓடிட்டான்னு சொல்லுங்க. கூட யாரும் போகலன்னும் மறக்காம சொல்லுங்க."

அத்தை முறைத்துவிட்டு முன்னால் நடந்தார். மருமகள் மட்டும் என் காலணியையே பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, இந்தச் சப்பாத்து எங்க வாங்குனீங்க? சிரம்பான்ல கெடைக்குமா?"

"அங்க என்னடி பேச்சு?" என்று மேட்டிலிருந்து அத்தையின் குரல்.

"எனக்கு அஞ்சாம் நம்பர், அக்கா," என்று கிசுகிசுத்துவிட்டு, தூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஓடினாள். நன்றாகவே ஓடினாள்.

இந்நேரம் அம்மாவுக்குச் செய்தி போயிருக்கும். அடுத்த ஞாயிறும் அதே பாதையில்தான் ஓடுவேன்.

இந்த மின்மடல் குழுவில் இன்னும் எத்தனை ஓடுகாலிகள் இருக்கிறீர்கள்? பெயர் வேண்டாம், சப்பாத்து நம்பரை மட்டும் எழுதுங்கள்.